யார்ட் சேலா, எஸ்டேட் சேலா: ஒரு சனிக்கிழமைக் கணக்கு

என் அடுப்படியில் தோசைக்கல் இரண்டு இருக்கின்றன. இரண்டுமே அமெரிக்க வார்ப்பிரும்பு. ஒன்று பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டி வீட்டு வாசலில் ஆறு டாலருக்கு வாங்கியது. அதில் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, அடியில் 9 என்ற எண் மட்டும். இன்னொன்று எஸ்டேட் சேலில் கிடைத்தது. சீட்டில் 60 என்று போட்டிருந்தார்கள், இரண்டாம் நாள் பாதி விலையில் முப்பதுக்கு வந்தது. அதைத் திருப்பினால் இரட்டை வட்டத்துக்குள் ஒரு சிலுவை, நடுவே கிரிஸ்வோல்டு என்ற பெயர், கீழே ஈரி என்று ஊர்ப்பெயர். எதில் தோசை நன்றாக வருகிறது என்று கேட்டால் ஆறு டாலர் கல்லைத்தான் காட்டுவேன். எது ஊருக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் பெருமை அடிக்கத் தகுந்தது என்றால் மற்றது.

பிட்ஸ்பர்க்குக்குப் புதிதாகக் குடிவரும் நம் ஆட்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "சனிக்கிழமை ஒரு காலைப்பொழுது இருக்கு, பழைய நல்ல சாமான் வாங்கணும், எதுக்குப் போகலாம்?" இந்தப் பகுதி அதற்குத் தோதானது. கிரிஸ்வோல்டு இரும்புச் சட்டிகளை வார்த்த ஈரி நகரம் வடக்கே இரண்டு மணி நேரம். பைரெக்ஸ் கண்ணாடி செய்த சார்லராய் தெற்கே கூப்பிடு தூரம். ஃபியஸ்டா பீங்கான் தட்டுகள் வரும் நியூவெல், மேற்கு வர்ஜீனியா எல்லைக்குள் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அதனால் இங்குள்ள பழைய வீடு எதுவானாலும் சமையலறையில் ஏதாவது ஒன்று இருக்கும். அது வெளியே வருவது எந்த வழியாக என்பதில்தான் வித்தியாசம்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. யார்ட் சேல் என்றால், குடியிருக்கிறவர்களே தங்களுக்கு வேண்டாததைப் புல்வெளியிலோ கராஜ் வாசலிலோ மடக்கு மேசை போட்டு விற்பது. சித்திரை பிறந்து குளிர் விட்டதும் தொடங்கும், அக்டோபரோடு சரி. எஸ்டேட் சேல் என்றால், வீட்டுக்காரர் காலமான பிறகு, அல்லது முதியோர் இல்லத்துக்குப் போன பிறகு, வீட்டில் இருக்கும் அத்தனையையும் இருந்த இடத்தில் வைத்தே விற்பது. பிள்ளைகள் இதற்கென்றே உள்ள நிறுவனத்திடம் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் சீட்டு ஒட்டி, இரண்டு மூன்று நாள் விற்று, தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். வீட்டுக்குள் நடப்பதால் பனி கொட்டினாலும் உண்டு.

முதலில் அந்த ஆறு டாலர் கல்லைச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு பழைய ஐஸ்பெட்டியின் மூடிமேல், சைக்கிள் பம்புக்கும் கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்துக்கும் நடுவே கிடந்தது. மேலே தார் ஊற்றினதுபோலக் கரி. கையில் எடுத்ததும் பாட்டி நாற்காலியில் இருந்தபடியே, "அது என் மாமியாருடையது. ஞாயிற்றுக்கிழமை பான்கேக் அதில்தான்" என்றார். நான் எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்: இதில் யாராவது காரீயம் உருக்கியதுண்டா? பாட்டி சிரித்தார். "என் வீட்டுக்காரர் மீன் தூண்டிலுக்குக் குண்டு வார்ப்பார். அதற்கு வேறு சட்டி. அது கராஜில் இருக்கிறது, அதை நான் விற்க மாட்டேன்."

இந்தக் கேள்வி ஏன் என்றால், காரீயம் விஷம். அது 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், சமையலறை அடுப்பே போதும். தூண்டில் குண்டும் துப்பாக்கி ரவையும் வீட்டிலேயே வார்த்துக்கொண்ட தலைமுறை இது. கைக்கு அகப்பட்ட இரும்புச் சட்டியில் உருக்குவார்கள். அப்படி ஒரு முறை உருக்கிய சட்டி சமையலுக்கு ஆகாது, எவ்வளவு தேய்த்தாலும் நம்ப முடியாது. கரி ஏறிய சட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. (நம் வீட்டு ஈயச் சொம்பு வேறு சங்கதி. அது வெள்ளீயம், ரசத்துக்கு ஆகி வந்தது. பெயர்தான் ஒன்றுபோல இருந்து குழப்புகிறது.)

யார்ட் சேலுக்கு உள்ள பெரிய அனுகூலம் இதுதான் என்று நினைக்கிறேன்: பொருளோடு ஆளும் இருக்கிறார். எத்தனை வருடம் புழங்கியது, ஏன் கொடுக்கிறார்கள், மூடி எங்கே, எதற்குமே பதில் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. பேரமும் சுலபம். ஒரு டாலர் சாமானுக்கு அரை டாலர் கேட்பது அழகில்லை. நாலைந்தை எடுத்து ஒன்றாக வைத்து, "எல்லாம் சேர்த்துப் பத்துக்குத் தருவீர்களா" என்றால் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்கள். பதினொன்றரைக்குப் போனால் இன்னும் இறங்கும். மேசையைத் திரும்ப உள்ளே தூக்கிவைக்க யாருக்கும் ஆசை கிடையாது.

குறையும் அதே அளவுக்குப் பெரிது. பத்து வாசல் ஏறி இறங்கினால் ஏழில் குழந்தைத் துணியும் பிளாஸ்டிக் பொம்மையும் துணி காயப்போட மட்டும் உதவிய ட்ரெட்மில்லும்தான். உயிரோடு இருப்பவர் நல்லதை ஏன் வெளியே வைக்கப்போகிறார்? வைத்தால், அதன் மதிப்பு தெரியாததால் அல்லது அதன்மேல் சலிப்பு வந்ததால். இரண்டும் தினம் நடக்கிற காரியமில்லை. பெட்ரோலும் காலை நேரமும் போனதுதான் மிச்சம் என்று திரும்பிய சனிக்கிழமைகள் எனக்கு நிறைய.

ஆள் சொல்வதை எல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஒரு கராஜ் வாசலில் குரோம் பளபளக்கும் பழைய மின்சார மிக்சர் ஒன்றைப் பார்த்து மயங்கினேன். ஓடுமா என்றேன். "கடைசியாகப் போட்டபோது ஓடியது" என்றார் அந்தப் பெரியவர். பொய் சொல்லவில்லை. கடைசியாகப் போட்டது அவர் மகள் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து பிளக்கில் செருகினால் ஒரு புகை, ஒரு வாசனை, அவ்வளவுதான். வயர் உறை அப்பளமாக நொறுங்கியது. வாசலில் கரண்ட் கிடையாது, அதனால் மின்சாரச் சாமானுக்கு யார்ட் சேல் சரிப்படாது. தொட்டிலும் வேண்டாம்: பக்கக் கம்பி இறங்கும் மாதிரித் தொட்டில்களை 2011இல் இந்த நாட்டில் தடை செய்துவிட்டார்கள். பழையதை விற்பதே குற்றம், ஆனாலும் அறியாமல் வைக்கிறவர்கள் உண்டு.

இப்போது எஸ்டேட் சேல். இங்கே ஆள் இல்லை, வீடு இருக்கிறது.

கதவு ஒன்பதுக்குத் திறக்கும் என்றால் ஏழரைக்கே வாசலில் எண் கொடுப்பார்கள், அல்லது ஒரு தாளில் பேர் எழுதச் சொல்வார்கள். முதல் இருபது எண்ணும் வியாபாரிகள் கையில் இருக்கும். கதவு திறந்ததும் அவர்கள் பேசாமல், ஓடாமல், ஆனால் நம்மால் பிடிக்க முடியாத வேகத்தில் நகையறைக்கும் பேஸ்மெண்ட்டுக்கும் போய்விடுவார்கள். முதல் தடவை நான் அந்தக் கூட்டத்தில் நின்று ஒன்றும் புரியாமல் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் போக்கினேன். மாப்பிள்ளைக்கு ராணுவ உடை. அவருடைய சாக்ஸ் அலமாரியிலேயே விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. அது கொஞ்சம் மனதைப் பிசைகிற காரியம்தான்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது, "ஏண்டி, செத்தவா வீட்டுச் சட்டியையா அடுப்புல ஏத்துற?" என்று ஆரம்பித்துவிட்டாள். அமெரிக்காவில் எந்த வீடும் யாரோ இறந்த வீடுதான் அம்மா என்று சமாளித்தேன். அதில் அவளுக்குத் திருப்தி இல்லை. "சரி, தலைக்குக் குளிச்சுட்டாவது கோயிலுக்குப் போ" என்றாள். அன்றைக்குப் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போவதாக இருந்தோம். குளித்துவிட்டுத்தான் போனேன். இந்தத் தயக்கம் உங்களுக்கும் இருந்தால் அது தப்பில்லை, கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம். யார்ட் சேல் போதும்.

தயக்கம் இல்லையென்றால், வீடு சொல்லும் கதை எந்தப் பாட்டி சொல்வதையும்விட நம்பகமானது. கிரிஸ்வோல்டு கல்லை நான் கண்டெடுத்தது அடுப்புக்குக் கீழ் இழுப்பறையில். மேலே பிசுக்கு காயாமல் இருந்தது, பக்கத்தில் நுனி தேய்ந்த தட்டைக் கரண்டி. கடைசி வரைக்கும் தினம் புழங்கிய சட்டி என்று இதைவிட யார் சொல்ல வேண்டும்? அதே வீட்டில் பேஸ்மெண்ட்டுக்கு இறங்கினேன். வேலை மேசைமேல் இன்னொரு சட்டி, எட்டாம் எண், பார்க்க இதைவிட அழகு, இருபது டாலர்தான். அதற்கு ஒரு முழம் தள்ளித் தூண்டில் குண்டு வார்க்கும் அச்சு. நான் தொடவில்லை. பின்னால் வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். சுவரில் மாட்டி வைப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

தையல் மெஷினும் அப்படித்தான். மெஷினை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதே அறையில் நூல்கண்டுகள் நிறம் பிரித்து அடுக்கி, கையேடும் எண்ணெய்க் குப்பியும் இழுப்பறையில் இருந்தால் அது பராமரித்த கை. சிங்கர் 221, இங்கே ஃபெதர்வெயிட் என்பார்கள், 1933இல் வந்தது, ஐந்து கிலோதான், அதற்கு முதல் நாளே அடிதடி. காலால் மிதிக்கும் பெரிய சிங்கரை மட்டும் கடைசி நாள் மாலை வரைக்கும் யாரும் தூக்க மாட்டார்கள். நம் ஊர் வராந்தாவில் நின்ற அதே மெஷின். பிளக் பாயிண்ட் எல்லா அறையிலும் இருப்பதால் மின்சாரச் சாமானைப் போட்டுப் பார்க்கலாம் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலைக்கு வருவோம். யார்ட் சேலில் விற்பவருக்கும் விலை தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. எஸ்டேட் சேலில் விற்பவர் பார்த்துவிட்டுத்தான் சீட்டு ஒட்டுவார். ஆகவே முதல் நாள் கொள்ளை மலிவு எதுவும் கிடைக்காது, பேரமும் எடுபடாது. பல இடங்களில் இரண்டாம் நாள் கால்வாசியிலிருந்து பாதி வரை தள்ளுபடி, கடைசி நாள் அதற்கும் கீழே. கிரிஸ்வோல்டை முதல் நாளே 60க்கு யாராவது எடுத்திருந்தால் எனக்கு இல்லை. எடுக்கவில்லை, பாதிக்கு வந்தது. இந்தச் சூதாட்டத்தில் நமக்குச் சாதகமான ஒன்று உண்டு: வியாபாரி திரும்ப விற்று லாபம் பார்க்க வேண்டும், நாம் தோசை சுட்டால் போதும். அவருக்குக் கட்டுப்படியாகாத விலையிலும் நமக்குக் கட்டுப்படியாகும்.

விலை தெரியாத இடத்தில் ஏமாறுவது எப்படி என்பதற்கு மூன்று சாமான்.

முள்கரண்டியின் பின்னால் '1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்' என்று இருக்கும். ஆஹா, 1847ஆம் வருடத்து வெள்ளி என்று தோன்றும். அந்த எண் பிராண்டின் பெயரில் ஒரு பகுதி, செய்த வருடமில்லை, அது வெள்ளி முலாம்தான். அசல் வெள்ளி என்றால் ஸ்டெர்லிங் என்ற சொல்லோ 925 என்ற எண்ணோ வேண்டும். எஸ்டேட் சேல்காரர்களுக்கு இது மனப்பாடம். யார்ட் சேலில் வைத்திருப்பவர் தானே ஏமாந்து நம்மையும் ஏமாற்றுவார்.

நீலப் பூப்போட்ட வெள்ளைக் கார்னிங்வேர் பாத்திரம், 1958இல் சந்தைக்கு வந்தது. இணையத்தில் ஆயிரக்கணக்கான டாலர் கேட்டு விளம்பரம் போட்டிருப்பார்கள். கேட்பதற்குக் காசா பணமா? ஈபேயில் 'விற்றவை' என்று வடிகட்டிப் பார்த்தால் சாதாரண விலைதான் தெரியும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் எந்த சேலுக்கும் தைரியமாகப் போகலாம். சரி, விலை கிடக்கட்டும், சாம்பார் சூடு பண்ண அதைப்போல் ஒன்று கிடையாது.

மூன்றாவது, ஃபியஸ்டா. 1936இல் தொடங்கிய வண்ணத் தட்டுகள். அந்தப் பழைய ஆரஞ்சுச் சிவப்பு மெருகில் யுரேனியம் கலந்திருக்கும். 1943இல் அரசாங்கம் யுரேனியத்தைப் போருக்கென்று எடுத்துக்கொள்ள அந்த நிறம் நின்றுபோய், 1959இல் மறுபடி வந்தது. அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம். அதில் சாப்பிட வேண்டாம் என்றே அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையும் சொல்கிறது. எஸ்டேட் சேலில் இது பெயரோடும் விலையோடும் தனி மேசையில் இருக்கும். யார்ட் சேலில் நாய்க்குச் சோறு வைக்கிற தட்டாக இருந்து ஒரு டாலருக்கு வரும். எது மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

வேறு வழிகளே இல்லையா? இருக்கின்றன, ஆனால் அவற்றில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. குட்வில் மாதிரிப் பழைய சாமான் கடைகளில் பொருள் மட்டும்தான் இருக்கும், ஆளும் இல்லை, வீடும் இல்லை, காரீயக் கேள்வியை யாரிடம் கேட்பது? இணையத்தில் வார்ப்பிரும்பு வாங்கினால் அனுப்பும் கூலியே பாதி விலை, சரியாகப் பொதியாவிட்டால் காம்பு உடைந்து வரும். தேவாலயங்களில் நடக்கும் ரம்மேஜ் சேல் நல்லது, கடைசி ஒரு மணி நேரம் பை நிறைய எடுத்துக்கொண்டு சில டாலர் கொடுத்தால் போதும் என்பார்கள், ஆனால் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான். ஆகஸ்ட் முதல் வியாழன் தொடங்கி நாலு நாள், மிச்சிகனிலிருந்து அலபாமா வரை கிட்டத்தட்ட 690 மைல் நீளத்துக்குச் சாலையோரம் நடக்கும் 127 யார்ட் சேல் (127 என்பது நெடுஞ்சாலையின் எண்) 1987இலிருந்து உண்டு. அது திருவிழா. திருவிழாவில் சாமான் வாங்குகிற ஆள் வேறு.

ஆக, கையில் ஒரே ஒரு சனிக்கிழமை இருந்தால் என் தீர்ப்பு இது. என்ன வேண்டும் என்று பெயர் சொல்லத் தெரிந்தவர், அதாவது தோசைக்கு இரும்புக் கல், அல்லது மஞ்சள், பச்சை, சிவப்பு, நீலம் என்று ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் நாலு பைரெக்ஸ் கிண்ணம் என்று தேடுகிறவர், எஸ்டேட் சேலின் இரண்டாம் நாளுக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை தொடங்கிய சேலாக இருந்தால் சனிக்கிழமை அதற்குச் சரியாக வரும். முந்தின நாளே இணையத்தில் போட்டோக்கள் போட்டுவிடுவார்கள், சமையலறைப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பேஸ்மெண்ட் படத்தையும் விடாதீர்கள். குறிப்பிட்ட பைரெக்ஸ் செட் என்றால் மட்டும் முதல் நாள், முழு விலை, விடிகாலை. அது இரண்டாம் நாள் வரை தங்காது.

என்ன வேண்டும் என்று இன்னும் தெரியாதவர்கள், கண் பழக வேண்டியவர்கள், புதிதாக வீடு எடுத்தவர்கள் யார்ட் சேலுக்குப் போகலாம். அதுவும் தனித்தனி வாசலாக அலையாமல், ஒரு பேட்டையே சேர்ந்து ஒரே நாளில் நடத்தும் சேலாகப் பாருங்கள். வண்டியை நிறுத்திவிட்டு நடந்தே முப்பது வாசல் பார்க்கலாம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம், எஸ்டேட் சேலில் கண்ணாடிச் சாமான்களுக்கு நடுவே அவர்களை மேய்ப்பது பெரும்பாடு. பத்து டாலருக்கு மேல் ஒரு பொருளுக்குக் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏமாந்தாலும் ஒரு சாப்பாட்டுச் செலவுதான்.

இப்போது நான் போவது எஸ்டேட் சேலுக்குத்தான். திரும்பும் வழியில் கம்பத்தில் யார்ட் சேல் அட்டை கட்டியிருந்தால் இறங்காமல் வருவதும் இல்லை.

எதற்குப் போனாலும் வண்டியில் சில சாமான் வைத்திருங்கள். ஒரு டாலர் தாள்களாக முப்பது. பழைய செய்தித்தாள் ஒரு கட்டு. காந்தம் ஒன்று, பித்தளை என்று சொல்லி இரும்பில் முலாம் போட்டதைக் காட்டிக்கொடுக்கும். போட்டோ சட்டத்திலிருந்து கழற்றிய சின்னக் கண்ணாடித் தகடு ஒன்று. இரும்புக் கல்லை அதன்மேல் வைத்து ஓரத்தை அழுத்துங்கள். ஆடினால் அடி வளைந்திருக்கிறது, மின் அடுப்பில் உட்காராது. அப்புறம் கல்லை ஒரு கை விரலில் தொங்கவிட்டு மறு கையின் விரல் முட்டியால் தட்டுங்கள். மணிபோல நாதம் வந்தால் சரி, சத்தென்று ஒலித்தால் எங்கோ கீறல். பழைய கல்லில் இருக்கும் 9, 8 எல்லாம் அங்குலம் இல்லை, விறகடுப்பு வாயின் அளவு, அதனால் டேப் எடுத்துப் போங்கள். கரி எவ்வளவு இருந்தாலும் பயப்பட வேண்டாம், அடுப்பு சுத்தம் செய்கிற காரக் கரைசலைப் பூசிப் பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு நாள் வைத்தால் உரிந்து வந்துவிடும். நெருப்பில் போட்டு எரித்து மட்டும் எடுக்காதீர்கள், இரும்பு வளைந்துவிடும். அதற்குப் பிறகு உள்ள வேலை நம்முடையது: கழுவி, துடைத்து, அரை வெங்காயத்தைக் கரண்டியில் குத்தி, நல்லெண்ணெய் தொட்டு, ஒரு வாரம் பழக்க வேண்டும். முதல் நாலு தோசை பிய்ந்துதான் வரும்.